குழந்தை சாட்சியிடம் எப்படிக் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோரிடம் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், சட்டத்தைவிடக் கேள்வி கேட்கும் முறையைப் பற்றிய ஐயங்களே அதிகம் எழுகின்றன. தனக்கு நேர்ந்ததையோ தான் பார்த்ததையோ சொல்ல வந்த குழந்தையிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்பவையே அந்த ஐயங்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவைத்திருக்கிறேன். பெரும்பாலானவை போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளை ஒட்டியவை. என்றாலும் சாலை விபத்தையோ வீட்டில் நடந்த அடிதடியையோ கண்ணால் கண்ட குழந்தைக்கும் இவை பொருந்தும்.

"சின்னப் புள்ள சொல்றதையெல்லாம் கோர்ட்டுல சாட்சியா எடுத்துக்குவாங்களா மேடம்?"

எடுத்துக்கொள்வார்கள். இந்தியச் சட்டத்தில் சாட்சி சொல்வதற்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று கிடையாது. கேள்வியைப் புரிந்துகொண்டு அதற்குப் பொருந்தும் விடையைத் தரக்கூடிய எவரும் சாட்சியாகலாம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 124ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. உண்மை பேச வேண்டும் என்பது புரிந்து, சத்தியப் பிரமாணம் என்றால் என்னவென்று மட்டும் புரியாத நிலையில் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், பிரமாணம் இல்லாமலேயே அதன் சாட்சியத்தைப் பதிவு செய்யலாம். எட்டு வயதுச் சிறுமிக்குப் பிரமாணம் செய்துவைக்கவில்லை என்பதற்காக அவளுடைய சாட்சியத்தை ஒதுக்கிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் ராமேஸ்வர் எதிர் ராஜஸ்தான் மாநிலம் வழக்கில் 1951ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகவே குழந்தை என்ற ஒரே காரணத்தால் சாட்சியம் தள்ளப்படுவதில்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்ற ஐயம்தான் குழந்தை சாட்சியத்துக்குப் பெரிய பகை, அந்த ஐயத்துக்கு இடம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு பேசிய பெரியவர்களே.

"நாலு வயசுப் புள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது? ரெண்டு நாள்ல மறந்துடுமே?"

மூன்று, நான்கு வயதிலேயே தமக்கு நேர்ந்ததை நினைவில் வைத்துச் சொல்லும் திறன் குழந்தைகளுக்கு உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கரோல் பீட்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், அடிபட்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்துப் பேசினார்கள். அடிபட்ட விதத்தின் முக்கியமான விவரங்களைப் பல குழந்தைகள் ஐந்து ஆண்டுகள் கழித்தும் பெருமளவு சரியாகவே சொன்னார்கள். மருத்துவமனையில் நடந்த சிகிச்சையைப் பற்றிய நினைவுதான் அதைவிடக் குழம்பியிருந்தது.

சிறு குழந்தைக்கும் பெரிய குழந்தைக்கும் உள்ள வேறுபாடு முதலில் அளவில் தெரியும். "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டால் பத்து வயதுப் பையன் நிறுத்தாமல் சொல்வான், நான்கு வயதுக் குழந்தை இரண்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் யாரும் தூண்டாமல் தானாகச் சொல்லும் அந்த இரண்டு வாக்கியங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. இரண்டு வாக்கியம் போதாது என்று எண்ணும் பெரியவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பத் தொடங்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

"குழந்தை பொய் சொல்லாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்க வேற மாதிரி சொல்றீங்களே?"

குழந்தை பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. உண்மை, பொய் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பிச் சொல்வது பொய் ஆகாது. சொல்பவருக்கு ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. தான் கண்ணால் பார்த்தது எது, அம்மா சொல்லிக் கேட்டது எது, தான் மனத்தில் எண்ணிப் பார்த்தது எது என்று பிரித்தறியும் திறன் மெல்ல மெல்ல வளர்வது. பள்ளி செல்லும் வயதுக்கு முன் அது மிகவும் வலுவற்றது. பெரியவர்களுக்கும் இந்தக் குழப்பம் நேர்கிறது. சிறு குழந்தைகளுக்கு எளிதாக நேர்கிறது. பாலில் கலந்துவிட்ட தண்ணீரைப் போல, பிறகு குழந்தையே விரும்பினாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் குழந்தைகள் சொல்வதையே நம்பக் கூடாது என்ற முடிவுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு, ஆபத்தானதும்கூட. கலப்பு வெளியிலிருந்து வருகிறது. வெளியிலிருப்பவர்கள் கவனமாக இருந்தால் அதைத் தடுக்க முடியும்.

"வெறும் கேள்வி கேட்டதால ஞாபகமே மாறிடும்னா நம்ப முடியலையே."

நூறாண்டுகளுக்கும் மேலாக இதைச் சோதித்திருக்கிறார்கள். 1911இல் பெல்ஜியத்தில் ஒரு கொலை வழக்கில் குழந்தைகளின் சாட்சியத்தை ஆராய வேண்டியிருந்த வாரெண்டாங்க் என்ற உளவியலாளர், பள்ளிக் குழந்தைகளிடம் தங்களுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரின் தாடி என்ன நிறம் என்று கேட்டார். அந்த ஆசிரியருக்குத் தாடியே கிடையாது. பெரும்பாலான குழந்தைகள் ஒரு நிறத்தைச் சொன்னார்கள். கேள்விக்குள்ளேயே 'தாடி உண்டு' என்ற செய்தி ஒளிந்திருந்தது.

அமெரிக்காவில் மிச்செல் லெய்க்ட்மன், ஸ்டீபன் செசி ஆகிய இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. சாம் ஸ்டோன் என்ற ஒருவர் மழலையர் பள்ளிக்கு வந்து, வணக்கம் சொல்லி, அறையைச் சுற்றி நடந்து, இரண்டு நிமிடத்தில் போய்விட்டார். எதையும் தொடவில்லை, எதையும் கெடுக்கவில்லை. குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு அவர் வருமுன்பே 'சாம் ஸ்டோன் எதையாவது உடைத்துக்கொண்டே இருப்பவர்' என்று கதைகள் சொல்லப்பட்டிருந்தன. அவர் வந்துபோன பிறகு பத்து வாரங்களில் நான்கு முறை, அவர் புத்தகத்தைக் கிழித்ததாகவும் கரடி பொம்மையை அழுக்காக்கியதாகவும் வைத்துக்கொண்டே கேள்விகள் கேட்கப்பட்டன. கடைசியாகப் புதிய ஒருவர் வந்து விசாரித்தபோது, இந்தப் பிரிவில் இருந்த மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் 72 விழுக்காட்டினர் அவற்றில் ஒன்றையாவது அவர் செய்ததாகச் சொன்னார்கள். முன்கதையும் தூண்டும் கேள்வியும் இல்லாத பிரிவில் ஒரு குழந்தையும் தானாக அப்படிச் சொல்லவில்லை.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அடுத்து நடந்தது. அந்த ஒளிப்பதிவுகளைக் குழந்தைகளோடு பணியாற்றும் வல்லுநர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தக் குழந்தை நடந்ததைச் சொல்கிறது, எது நடக்காததைச் சொல்கிறது என்று அவர்களால் சரியாகப் பிரிக்க முடியவில்லை. மிகத் தவறாகச் சொன்ன குழந்தைகளையே மிகவும் நம்பத்தக்கவர்களாகக் கருதினார்கள். 'முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்' என்று சொல்பவர்கள் நம் ஊரிலும் நிறைய உண்டு. அவர்களிடம் இந்த ஆய்வைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

"என் பொண்ணு அழுதுக்கிட்டே வந்து சொல்றா. தாய் நான் கேட்காம எப்படி அக்கா இருப்பேன்?"

கேட்காமல் இருக்கச் சொல்லவில்லை. காது கொடுத்துக் கேட்பது வேறு, விசாரிப்பது வேறு. குழந்தை பேச வந்தால் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு அருகில் உட்காருங்கள். "என்னம்மா நடந்துச்சு, சொல்லு" என்று ஒரு முறை கேளுங்கள். நிறுத்தினால் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த அமைதி தாய்க்குத் தாங்க முடியாததாக இருக்கும், ஆனால் குழந்தைக்கு நினைவைத் திரட்ட அந்த நேரம் வேண்டும். ஒருவரின் பெயரைக் குழந்தை சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லாதீர்கள். உடலின் எந்தப் பகுதியையும் நீங்கள் முதலில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். "ஏன் அப்பவே சொல்லல?", "நீ ஏன் அங்க போன?" என்ற இரண்டு கேள்விகளும் குழந்தையின் வாயை அடைத்துவிடும்.

குழந்தை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா, உடனே மருத்துவம் வேண்டுமா என்பது தெரிந்தால் போதும். மேற்கொண்டு துருவ வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். பிறகு குழந்தை கேட்காத இடத்தில் அமர்ந்து, அது சொன்ன சொற்களையும், அதற்கு முன் நீங்கள் கேட்ட கேள்வியையும், தேதி, நேரம், இடத்தோடு எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைப்பேசியில் தம் குரலில் சொல்லிப் பதிந்துகொள்ளலாம். பின்னாளில் 'நீதான் சொல்லிக்கொடுத்தாய்' என்று யாராவது சொன்னால், அன்றைக்கே எழுதிய அந்த ஒரு தாள் பெரிய துணையாக நிற்கும்.

இன்னொன்று: குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒவ்வொருவரிடமும் நடந்ததை விவரிக்காதீர்கள். பெரியவர்கள் தமக்குள் பேசுவதைக் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. பெற்றோரிடமிருந்து கேட்ட தவறான விவரங்களைச் சிறு குழந்தைகள் சில மாதங்கள் கழித்துத் தாம் அனுபவித்ததாகச் சொன்னதை டெப்ரா பூலும் ஸ்டீபன் லிண்ட்சேயும் 1995ஆம் ஆண்டு ஆய்வில் காட்டினார்கள்.

"நான் ஹெச்.எம். புகார் கொடுக்கறதுக்கு முன்னாடி உண்மையான்னு நாங்க விசாரிக்க வேண்டாமா? ஒரு ஆசிரியர் வாழ்க்கை சம்பந்தப்பட்ட விஷயமாச்சே?"

வேண்டாம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்திருப்பதாக அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. உண்மையை உறுதி செய்துகொண்டு தெரிவிக்கும்படி அது கேட்கவில்லை. தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. பள்ளி அளவில் ஒரு 'விசாரணைக் குழு' அமைத்து, குழந்தையை நடுவில் நிறுத்தி ஐந்தாறு பேர் மாறி மாறிக் கேட்பதும், குற்றம் சாட்டப்பட்டவரை எதிரில் வைத்துக்கொண்டே கேட்பதும் நடக்கின்றன. மேலே சொன்ன ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், நினைவைக் கெடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேண்டியதில்லை.

அந்த ஆசிரியர் குற்றமற்றவராக இருந்தாலும் அவரைக் காப்பாற்றப் போவது கலப்பில்லாத முதல் வாக்குமூலமே. முறையற்ற விசாரணை இரு தரப்பையும் கெடுக்கிறது. வகுப்பாசிரியரிடம் குழந்தை சொன்ன சொற்களை எழுதிக்கொண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ சொல்லிவிடுவதோடு பள்ளியின் விசாரணை வேலை முடிந்தது. குழந்தைக்குத் துணை நிற்கும் வேலை மட்டுமே மீதி.

"'அவன்தானே? ஆமாவா, இல்லையா?'ன்னு நேரா கேட்டா வேலை சீக்கிரம் முடியுமே?"

விடை சீக்கிரம் வரும். அது குழந்தையின் நினைவிலிருந்து வந்ததா என்பது தெரியாது. மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் ஆகிய இருவர் 1980இல் ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளிடம் "பால் தண்ணீரைவிடப் பெரியதா?", "சிவப்பு மஞ்சளைவிடக் கனமானதா?" என்பது போன்ற பொருளற்ற கேள்விகளைக் கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் 'புரியவில்லை' என்று சொல்லவில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லி, அதற்குக் காரணமும் சொன்னார்கள். பெரியவர் ஒன்று கேட்டால் விடை சொல்லியாக வேண்டும் என்று நாம்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். 'தெரியாது' என்று சொல்லி அடி வாங்கிய வகுப்பறை அனுபவமும் அதற்கு உதவுகிறது.

அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் சிறு குழந்தை, முதலில் சொன்ன விடை தவறு போலிருக்கிறது என்று எண்ணி மாற்றிச் சொல்லிவிடும். "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்ற அன்பான சொல்லும் அந்த இடத்தில் அழுத்தமே.

"'மத்த புள்ளைங்க எல்லாரும் சொல்லிட்டாங்க, நீயும் சொல்லிடு'ன்னா தைரியம் வருமில்ல? ஒரு சாக்லேட் கொடுத்தா என்ன தப்பு?"

1983இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், குழந்தைகளிடம் பாலியல் குற்றம் இழைத்ததாக மெக்மார்ட்டின் மழலையர் பள்ளியினர் மீது வழக்கு தொடங்கியது. பல நூறு குழந்தைகள் பேட்டி காணப்பட்டனர். மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள் என்பது, எதிர்பார்த்ததைச் சொன்னால் பாராட்டுவது, சொல்லாவிட்டால் ஏமாற்றத்தைக் காட்டுவது, "என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு" என்று கற்பனைக்கு அழைப்பது எல்லாம் அந்தப் பேட்டிகளில் இருந்தன. 1990இல் யாருக்கும் தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்தது. அந்தக் குழந்தைகளில் எவருக்காவது உண்மையில் ஏதேனும் நேர்ந்திருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாதபடி பேட்டிகள் செய்துவிட்டன. அதைத்தான் நான் பெரிய இழப்பாகப் பார்க்கிறேன்.

செனா கார்வனும் உடன் ஆய்வாளர்களும் அதே உத்திகளை 1998இல் சோதித்தார்கள். பள்ளிக்கு வந்து கதை சொல்லிவிட்டுப் போன ஒருவரைப் பற்றி மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் கேட்டபோது, தூண்டும் கேள்விகள் மட்டும் கேட்கப்பட்ட பிரிவில் 17 விழுக்காடும், மெக்மார்ட்டின் உத்திகளும் சேர்க்கப்பட்ட பிரிவில் 58 விழுக்காடும் பொய்யான குற்றச்சாட்டுக்கு 'ஆமாம்' என்ற விடை வந்தது. பேட்டி ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் அவர்கள் செய்த அடுத்த ஆய்வில், எதிர்பார்த்த விடைக்குப் பாராட்டும் மற்ற விடைக்கு அதிருப்தியும் காட்டியபோது, தங்களை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்றதாகக்கூடக் குழந்தைகள் ஒப்புக்கொண்டார்கள்.

சாக்லேட்டைப் பற்றி: பசித்த குழந்தைக்குத் தின்னக் கொடுங்கள். பேச்சு தொடங்குவதற்கு முன் கொடுங்கள், விடைக்குக் கூலியாகக் கொடுக்காதீர்கள்.

"அம்மாகிட்ட, டீச்சர்கிட்ட, போலீஸ்கிட்ட, டாக்டர்கிட்ட, ஜட்ஜ்கிட்டன்னு எத்தனை தடவை சொல்லும் அந்தக் குழந்தை? அதுலயே குழம்பிடாதா?"

எத்தனை முறை கேட்டார்கள் என்பதைவிட எப்படிக் கேட்டார்கள் என்பதே நினைவைப் பொறுத்தவரை முக்கியம். திறந்த முறையில் ('என்ன நடந்துச்சு?' என்பது போல), தூண்டாமல், அதிக இடைவெளி விடாமல் இரண்டு முறை பேச வைத்தால் நினைவு உறுதிப்படுவதும், முதல் முறை விட்டுப்போனது இரண்டாம் முறை வருவதும் உண்டு. தூண்டும் முறையில் பலமுறை கேட்பதே ஆபத்து. செசியும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், எலிப்பொறியில் விரல் மாட்டி மருத்துவமனைக்குப் போனது போன்ற நடக்காத நிகழ்ச்சிகளை நினைத்துப் பார்க்கும்படி மழலையர் வயதுக் குழந்தைகளிடம் வாரந்தோறும் சொல்லிவந்தார்கள். இறுதிப் பேட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் விவரங்களையும் சேர்த்துச் சொன்னார்கள்.

நினைவைத் தாண்டி மனவேதனை என்ற ஒன்றும் இருக்கிறது. அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ பேருந்து மாறி மாறி வந்து ஒவ்வோர் இடத்திலும் அதையே சொல்லும் குழந்தையின் களைப்பை எந்த ஆய்வும் முழுதாக அளந்துவிட முடியாது. ஐஸ்லாந்து 1998 முதல் 'பார்னாஹுஸ்' என்ற ஒரே இல்லத்தில் பேட்டி, மருத்துவம், ஆலோசனை எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. இங்கே, எளிதில் பாதிப்புக்குள்ளாகும் சாட்சிகளுக்கான தனி வாக்குமூல மையங்கள் மாவட்டந்தோறும் அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஸ்மிருதி துக்காராம் பதாடே வழக்கில் ஆணையிட்டது.

"ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு சொல்றா. தேதியும் மாத்திச் சொல்றா. அப்ப பொய்தானே?"

புதிய விவரம் வருவது தனியாகப் பொய்க்கு அடையாளம் ஆகாது. முந்தைய பதிலில் சொன்னபடி நினைவு தவணை முறையிலும் வரும். புதிய விவரம் எந்தக் கேள்விக்குப் பிறகு வந்தது என்று பார்க்க வேண்டும். "அப்புறம்?" என்பதற்குப் பிறகு வந்ததா, அல்லது ஒரு பெரியவர் அந்த விவரத்தைத் தாமே கேள்வியில் வைத்த பிறகு வந்ததா? கேள்வியும் எழுதப்பட்டிருந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

தேதியும் எண்ணிக்கையும் வேறு வகை. திரும்பத் திரும்ப நேர்ந்த ஒன்று எத்தனை முறை நேர்ந்தது, எந்த மாதம் என்பதைச் சொல்லப் பத்து வயதுக் குழந்தையும் தடுமாறும். கட்டாயப்படுத்தினால் ஓர் எண்ணைச் சொல்லிவிடும், அடுத்த முறை வேறோர் எண்ணைச் சொல்லும். அந்த வேறுபாட்டை வைத்து முழுச் சாட்சியத்தையும் பொய்யென்பது நியாயமற்றது. அப்போது வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று குழந்தையே சொல்லட்டும்: மாங்காய் பறிப்புக்கு அப்பா போயிருந்தார், அரையாண்டு லீவு, ஊர்த் திருவிழா. தேதியைப் பெரியவர்கள் அதிலிருந்து கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

"போலீஸ் எப்படிக் கேட்கணும்னு சட்டத்துல ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வாக்குமூலம் பெற வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் எதிரில் வரக் கூடாது. இரவில் எக்காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 26ஆம் பிரிவு, பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க, குழந்தை பேசியபடியே பதிய வேண்டும் என்றும், இயன்ற இடங்களில் ஒலி, ஒளிப் பதிவும் வேண்டும் என்றும் சொல்கிறது. நீதித்துறை நடுவரிடம் தரும் வாக்குமூலத்தை மக்கள் இன்னும் '164' என்றே சொல்கிறார்கள்; புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 183ஆம் பிரிவு.

'பேசியபடியே' என்பது பெரும்பாலும் மீறப்படும் இடம். ஐந்து வயதுக் குழந்தை சொன்னதாக எழுதப்பட்ட வாக்குமூலத்தில் 'மேற்படி நபர்' என்ற சொல் வருமானால், எழுதியவரின் நடை குழந்தையின் குரலை மறைத்துவிட்டது. உடனிருக்கும் பெற்றோரும் குழந்தைக்குப் பதிலாகப் பேசக் கூடாது. தலையசைத்தோ முகம் சுளித்தோகூட விடையைக் காட்டக் கூடாது.

"நாங்க ஓசூர் பக்கம், வீட்டுல தெலுங்கு. பக்கத்து ஊர்ல கன்னடம். புள்ளைக்குத் தமிழ் பள்ளிக்கூடத்துலதான். எந்த மொழியில கேட்பாங்க?"

குழந்தைக்கு இயல்பாக வரும் மொழியில் கேட்க வேண்டும். காவல்துறைக்கும் நடுவருக்கும் 26ஆம் பிரிவும், நீதிமன்றத்துக்கு 38ஆம் பிரிவும் மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வழி செய்கின்றன. தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனஹள்ளிப் பகுதிகளுக்கு இது மிக முக்கியம். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கு இன்னும் முக்கியம். பள்ளித் தமிழில் கேட்டால் குழந்தை சுருக்கமாகப் பேசும், புரியாததற்கும் 'ஆமாம்' சொல்லும்.

மொழிபெயர்ப்பவர் உறவினராகவோ ஊர்க்காரராகவோ இருக்கக் கூடாது. 'என்ன நடந்துச்சு?' என்ற கேள்வியை 'அவன் உன்னை அடிச்சானா?' என்று சுருக்கிவிடும் மொழிபெயர்ப்பாளர், கேள்வி கேட்ட அதிகாரிக்கே தெரியாமல் திறந்த கேள்வியைத் தூண்டும் கேள்வியாக்கிவிடுகிறார். ஒலிப்பதிவு இல்லாமல் இதைப் பின்னால் கண்டுபிடிக்க வழியில்லை.

"அப்ப எப்படித்தான் கேட்கணும்? இதுக்குன்னு ஒரு முறை இருக்கா?"

இருக்கிறது. மைக்கேல் லாம், கேத்லீன் ஸ்டெர்ன்பெர்க், யேல் ஓர்பாக், இரித் ஹெர்ஷ்கோவிட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்க தேசியக் குழந்தைநல ஆய்வு நிறுவனத்தின் ஆதரவில் 1990களில் உருவாக்கிய நெறிமுறை அது. 'என்.ஐ.சி.ஹெச்.டி. நெறிமுறை' என்று அதைச் சொல்வார்கள். இஸ்ரேல் அதை நாடு முழுவதும் பயன்படுத்துகிறது. பயிற்சி பெற்ற பேட்டியாளருக்கானது அது; பெற்றோரோ ஆசிரியரோ செய்து பார்ப்பதற்கு அல்ல. ஆனால் அதன் போக்கைத் தெரிந்துகொண்டால் நம் பேச்சும் திருந்தும்.

முதலில் விதிகள். "நான் அங்க இல்ல, எனக்கு எதுவும் தெரியாது. நான் கேட்கறது புரியலன்னா புரியலன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் தப்பாச் சொன்னா திருத்து." இதைச் சொல்லி மட்டும் விடாமல் பழக்கியும் பார்ப்பார்கள்: "என் நாய்க்குட்டி பேர் என்ன?" என்று கேட்டு, குழந்தை "தெரியாது" என்றால் "சரி, அப்படித்தான் சொல்லணும்" என்பார்கள். உண்மையையே சொல்வேன் என்று குழந்தையிடம் வாக்கு வாங்குவதும் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அடுத்து, வழக்கோடு தொடர்பில்லாத ஒன்றை, போன வாரம் போன கல்யாணத்தையோ பிறந்த நாளையோ, முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்வார்கள். விரிவாகச் சொல்வது என்றால் என்ன என்று குழந்தைக்கு இதில் பழகிவிடுகிறது.

அதன் பிறகே முக்கியமான பகுதி. "இன்னைக்கு நீ எதுக்கு வந்திருக்கன்னு சொல்லு" என்பதில் தொடங்கி, "அப்புறம் என்ன ஆச்சு?", "வீட்டுக்குள்ள போனேன்னு சொன்னியே, அதைப் பத்தி இன்னும் சொல்லு" என்று குழந்தை சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு போவார்கள். யார், எங்கே, எது என்ற கேள்விகள் அதற்கும் பின்னால். ஆமாம், இல்லை என்ற விடை வரும் கேள்வி வேறு வழியே இல்லாதபோது, கடைசியில். அதற்குப் பின்னும் "அதைப் பத்திச் சொல்லு" என்று திறந்த நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். பயிற்சி ஒரு முறை கொடுத்தால் போதாது என்பதும் இந்த ஆய்வுகளின் முடிவு: பேட்டிகளை அவ்வப்போது யாராவது பார்த்துத் திருத்தாவிட்டால் எவ்வளவு நல்ல பேட்டியாளரும் பழைய வழக்கத்துக்கே போய்விடுகிறார்.

"பொம்மையைக் காட்டி 'எங்க தொட்டான்?'னு கேட்கலாமா?"

சிறு குழந்தைகளிடம் வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைகளை மருத்துவர் பரிசோதித்த பிறகு உடலுறுப்புகள் உள்ள பொம்மையைக் கொடுத்துக் கேட்டபோது, தொடாத இடத்தையும் தொட்டதாகக் காட்டினார்கள் என்று மேகி புரூக்கும் செசியும் 1995இல் எழுதினார்கள். அந்த வயதில் பொம்மை விளையாட்டுப் பொருள். அதைத் தன் உடலுக்கு அடையாளமாகக் கொள்வது கடினம். படம் வரையச் சொல்வது குழந்தை நிதானப்பட உதவும், ஆனால் வரைந்த படத்துக்குப் பெரியவர் பொருள் சொல்லக் கூடாது.

"திறந்த கேள்வி மட்டும் கேட்டா வெட்கத்துல புள்ள சொல்லாமலே விட்டுடுமே? அப்ப குற்றவாளி தப்பிச்சிடுவானே?"

இதுவே எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. 1991இல் கேரன் சேவிட்ஸ், கெய்ல் குட்மன் முதலியோர் ஐந்து, ஏழு வயதுச் சிறுமிகள் 72 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் பாதிப் பேருக்கு அந்தரங்க உறுப்பும் பார்க்கப்பட்டது. பிறகு நடந்ததைச் சொல்லச் சொன்னபோது அவர்களில் பெரும்பாலோர் அதைச் சொல்லவே இல்லை. நேரடியாகக் கேட்டபோதுதான் சொன்னார்கள். பரிசோதிக்கப்படாத சிறுமிகளிடம் அதே நேரடிக் கேள்வியைக் கேட்டபோது தவறாக 'ஆமாம்' என்றவர்கள் மிகச் சிலரே.

ஆகவே நேரடிக் கேள்வி முற்றிலும் விலக்கப்பட்டதல்ல. தாடி கேள்வியும் சாம் ஸ்டோன் ஆய்வும் காட்டுவது தூண்டுதல், திரும்பத் திரும்பக் கேட்டல், அழுத்தம் ஆகியவற்றின் தீமை. இங்கே கேட்கப்பட்டது ஒரே ஒரு முறை, அழுத்தமில்லாமல், சற்றுப் பெரிய குழந்தைகளிடம். என் கருத்தில், நேரடிக் கேள்வி கேட்கும் முடிவைப் பயிற்சி பெற்றவரிடம் விட வேண்டும். வெட்கம் குறைவதற்குப் பெரியவர்கள் செய்யக்கூடியது வேறு இருக்கிறது: உடலுறுப்புகளின் பெயரைச் சொன்னால் திட்டு விழாது என்பது குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதை அங்கன்வாடியிலேயே தொடங்கலாம்.

"எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையை மடக்கி மடக்கிக் கேட்டா என்ன செய்யறது?"

குறுக்கு விசாரணையில் தூண்டும் கேள்விக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதன் விளைவும் மற்ற தூண்டும் கேள்விகளின் விளைவே. நியூசிலாந்தில் ரேச்சல் ஸாயக்கும் ஹார்லீன் ஹெய்னும் 2003இல் செய்த ஆய்வில், குறுக்கு விசாரணை நடையில் கேட்டதும் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் தம் விடையை மாற்றினார்கள். தவறான விடைகளைப் போலவே சரியான விடைகளும் மாறின.

இதற்காகவே போக்சோ 33ஆம் பிரிவு, இரு தரப்பு வழக்கறிஞரும் கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்க வேண்டும் என்கிறது. அவ்வப்போது இடைவேளை தரவும், முரட்டுத்தனமான கேள்வியைத் தடுக்கவும், குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்காமல் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறது. 36ஆம் பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. இவை நடக்கவில்லை என்றால் அரசு வழக்கறிஞரிடமும், குழந்தைக்காக அமர்த்தப்பட்ட உதவி நபரிடமும் சொல்லுங்கள். கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள் இவை.

சாட்சிக்கு முதல் நாள் இரவு வாக்குமூலத்தை மனப்பாடம் செய்விக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நீதிமன்ற அறை எப்படி இருக்கும், யார் எங்கே உட்காருவார்கள், தெரியாது என்று சொல்லலாம் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது தவறில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதே தவறு.

"நாங்க ஏற்கெனவே எல்லாத்தையும் தப்பாக் கேட்டுட்டோம் மேடம். இனி புள்ள சொன்னது வீண்தானா?"

வீணாகாது. அமெரிக்காவின் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1994இல் மைக்கேல்ஸ் வழக்கில், தூண்டும் பேட்டிகளால் நினைவு கெட்டதா என்பதை விசாரணைக்கு முன்பே தனியாக ஆராய வேண்டும் என்றது. நம் நீதிமன்றங்கள் வேறு வழியில் போகின்றன: சொல்லிக்கொடுத்ததாகத் தெரியும் பகுதியை விலக்கிவிட்டு, மீதியைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மத்தியப் பிரதேச மாநிலம் எதிர் பல்வீர் சிங் வழக்கில் 2025இல் உச்ச நீதிமன்றம், ஏழு வயதில் தாயின் மரணத்தைப் பார்த்த மகளின் சாட்சியத்தை ஏற்று, சொல்லிக்கொடுத்தார்கள் என்று வெறுமனே சொல்வது போதாது, அதற்கு அடிப்படை வேண்டும் என்ற கருத்தில் தீர்ப்பளித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. இன்றோடு கேட்பதை நிறுத்துங்கள். யார் யார், எப்போது, எந்தச் சொற்களில் கேட்டீர்கள் என்பதை மறைக்காமல் எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். வழக்கு கெட்டுவிடும் என்று பயந்து மறைத்தால், குறுக்கு விசாரணையில் அது வெளிவரும்போதுதான் உண்மையில் கெடும். யாரும் எதுவும் கேட்பதற்கு முன் குழந்தை தானாகச் சொன்ன முதல் வாக்கியம் எது, அப்போது உடனிருந்தவர் யார் என்பதைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள்.